கசிவு

நுழையும்முன்

முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஓடிய ஒரு சரக்கு வண்டி. அதில் என்றோ நின்றுபோன குளிர்சாதனம். அதன் குழாய்களுக்குள் எஞ்சிக் கிடந்த, நூறு கிராமுக்கும் குறைவான வாயு. அக்குளிர்சாதனத்தைத் தம் கையாலேயே செப்பனிட முனைந்த ஒருவரின் பட்டறிவையும், அந்த வாயு உலகைச் சுற்றிவந்த கதையையும் இப்பாடம் கூறுகிறது.

பாலையில் ஒரு வண்டி

அமெரிக்காவின் தென்மேற்கில், அரிசோனா மாநிலத்தின் பாலைநிலத்தில் அமைந்த பெருநகரம் பீனிக்ஸ். 2023ஆம் ஆண்டின் கோடையில் அங்குத் தொடர்ந்து 31 நாள்கள் பகல்நேர உச்ச வெப்பநிலை 43 டிகிரி செல்சியசைத் தாண்டி நின்றது. வெயிலில் நிறுத்திய வண்டியின் கதவைத் திறக்கவே துணி வேண்டும். இருக்கைவாரின் உலோக நாக்கு பட்டால் தோல் சுடும்.

அந்நகரில் மின்கம்பி வேலை செய்பவர் ஒருவர். அகவை அறுபது. தந்தை விட்டுச்சென்ற 1987ஆம் ஆண்டு வண்டியையே இன்றும் ஓட்டிவருகிறார். முன்னே மூவர் அமரத்தக்க நீண்ட ஒற்றை இருக்கை. பின்னே சரக்கு ஏற்றும் திறந்த தொட்டி. ‘பிக்கப்’ என்று அங்கு அதனைக் கூறுவர். தமிழ்நாட்டுச் சந்தைகளுக்குக் காய்கறி ஏற்றிவரும் சிறு வண்டிகளுக்கு மூத்த உறவு எனலாம். எஞ்சின் பழுதில்லாமல் ஓடியது. குளிர்சாதனம் மட்டும் பதினோர் ஆண்டுகளாக இயங்கவில்லை. கண்ணாடிகளை இறக்கிவிட்டுக் காற்றை வாங்கியபடி ஓட்டுவது அவருடைய தந்தையின் வழக்கம். அவரும் அப்படியே ஓட்டினார்.

ஒரு சூலை மாத நண்பகலில் சாலைச் சந்திப்பின் சிவப்பு விளக்கில் நின்றிருந்தபோது அவருக்குக் கண் இருண்டது. வியர்வை நின்று, கைகள் நடுங்கின. எப்படியோ வண்டியை ஓரம் கட்டினார். வெப்பத்தளர்ச்சி என்று மருத்துவர் கூறினார். பகலில் ஓட்டுவதை நிறுத்தவேண்டும் அல்லது வண்டியைக் குளிர்விக்க வேண்டும் என்பதே மருத்துவரின் அறிவுரை. பகலில் ஓட்டாவிட்டால் தொழில் இல்லை. புதிய வண்டி வாங்கினால் எழுபது வயதுவரை கடன் கட்டவேண்டும். ஆகவே பழைய வண்டியின் முன்மூடியைத் திறந்தார்.

குளிர் என்னும் பொருள் இல்லை

குளிர்சாதனம் குளிரை உண்டாக்குகிறது என்பது பொதுவான எண்ணம். உண்மையில் குளிர் என்றொரு பொருள் இல்லை. ஓரிடத்து வெப்பத்தை எடுத்து மற்றோரிடத்தில் கொட்டுவதே அக்கருவியின் வேலை. மண்பானையின் மேற்பரப்பில் கசியும் நீர் ஆவியாகும்போது பானையின் வெப்பத்தையும் உடன் எடுத்துச் செல்கிறது. உள்ளிருக்கும் நீர் குளிர்கிறது. பீனிக்ஸ் நகரின் பழைய வீடுகளிலும் நனைந்த மெத்தைகளின் ஊடே காற்றை இழுத்துக் குளிர்விக்கும் பெட்டிகளைக் கூரைமேல் காணலாம். இரண்டும் ஒரே விதியில் இயங்குவன.

மண்பானையில் ஆவியான நீர் காற்றோடு போய்விடும், மீண்டும் ஊற்றவேண்டும். வண்டியின் குளிர்சாதனத்தில் ஆவியாகும் பொருள் வெளியே போவதில்லை. எஞ்சினின் வார்ப்பட்டையால் சுழலும் கம்ப்ரசர் அவ்வாயுவை அமுக்கிச் சூடாக்குகிறது. வண்டியின் முகப்பில் காற்றுப் படுமாறு அமைந்த கண்டென்சரில் அது தன் வெப்பத்தை வெளிக்காற்றுக்கு விட்டு நீர்மமாகிறது. பின்பு ஊசித்துளை போன்ற ஒரு குறுகிய வழியில் புகுந்து வெளிவரும்போது அழுத்தம் திடீரெனக் குறைய, ஓட்டுநரின் காலடிக்கு முன்னுள்ள குழாய்ச்சுருளில் கொதித்து ஆவியாகிறது. பட்டறைகளில் அச்சுருளைக் ‘கூலிங் காயில்’ என்பர். ஆவியாவதற்கு வேண்டிய வெப்பத்தை அது ஓட்டுநரைச் சூழ்ந்த காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஆவியானது மீண்டும் கம்ப்ரசருக்குத் திரும்புகிறது. அறுபது கிலோமீட்டர் வேகத்தில் குலுங்கி ஓடும் வண்டிக்குள் இச்சுற்று ஓயாமல் நடைபெறுகிறது.

இதிலிருந்து ஓர் உண்மை புலப்படும். எரிபொருள் தீர்வதுபோல் இவ்வாயு தீர்வதில்லை. குறைந்திருந்தால் எங்கோ கசிந்திருக்கிறது என்பதே பொருள். ‘கேஸ் தீர்ந்துவிட்டது, அடித்துத் தாருங்கள்’ என்று பட்டறைக்கு வருவோர் எல்லா நாட்டிலும் உண்டு. கசிவைத் தேடாமல் வாயுவை மட்டும் நிரப்பித் தருவோரும் எல்லா நாட்டிலும் உண்டு. இருவருக்கும் அடுத்த கோடைவரை நிம்மதி.

அவர் இரட்டை மானியைக் குழாய்களில் பொருத்திப் பார்த்தார். அன்றைய வெப்பநிலை 38 டிகிரி. குழாய்க்குள் நீர்மமாக வாயு சிறிதேனும் தேங்கியிருந்தால் முள் 117 பவுண்டு அளவில் நிற்கவேண்டும். அது 40ஐக் கடக்கவில்லை. ஒன்றரைக் கிலோ இருக்கவேண்டிய இடத்தில் நூறு கிராம்கூட இல்லை என்று அவர் கணக்கிட்டார். அழுத்தம் குறைந்தால் கம்ப்ரசரை இயங்கவிடாமல் தடுக்கும் சிறு விசை ஒன்று குழாயில் உண்டு. பதினோர் ஆண்டுகளாக அவ்விசைதான் கம்ப்ரசரைக் காத்துவந்தது.

கசிந்த இடத்தைக் காட்டிக்கொடுத்தது அழுக்கு. கம்ப்ரசரின் அசைவுகளுக்கு மசகாக ஊற்றப்படும் எண்ணெய் வாயுவோடு கலந்தே சுற்றிவரும். வாயு வெளியேறும் இடத்தில் எண்ணெயும் கசியும். அதன்மேல் பாலைப்புழுதி படிந்து கரிய பசையாகும். கம்ப்ரசரின் தண்டு வெளிவரும் இடத்திலும், இரண்டு குழாய் இணைப்புகளிலும் அத்தகைய பசை இருந்தது. நெடுநாள் இயங்காத குளிர்சாதனத்தில் தண்டின் அடைப்பான் எண்ணெயின்றி உலர்ந்து சுருங்கிவிடும். குளிர்காலத்திலும் மாதம் ஒருமுறை சில நிமிடம் குளிர்சாதனத்தை இயக்குமாறு கூறுவதன் காரணம் இதுவே. சொல்லப்பட்ட அளவுக்கு அவ்வறிவுரை கடைப்பிடிக்கப்படுவதில்லை.

திருப்புளியின் முனையில்

குழாய்களைக் கழற்றுமுன் எஞ்சிய வாயுவை வெளியேற்றவேண்டும். மிதிவண்டிச் சக்கரத்தின் காற்றை இறக்குவது போன்ற வேலைதான். வால்வின் நடுவே ஓர் ஊசி இருக்கும். திருப்புளி முனையால் அதை அழுத்தினால் சீறிக்கொண்டு வாயு போய்விடும். இரண்டு நிமிடம் ஆகாது. நிறமில்லை, சொல்லத்தக்க மணமில்லை. வீட்டின் பின்புறத்தில் அவரைத் தவிர ஒருவரும் இல்லை.

திருப்புளி அவர் கையில்தான் இருந்தது. அவ்வேலை அவருக்குப் புதிதும் அன்று. இளமையில், மின்வேலை கற்பதற்கு முன், அவர் இரண்டு கோடைகள் ஒரு வண்டிப் பட்டறையில் உதவியாளராக இருந்தார். வரும் வண்டிகளின் வாயுவை இறக்கிவைப்பதே அவருக்கு இடப்பட்ட முதல் பணி. நாளொன்றுக்கு நான்கைந்து வண்டிகள். நீர்மமாய்த் தெறித்த வாயு பட்டு விரல்நுனி வெளுத்து மரத்துப்போகும் என்பதைத் தவிர வேறெந்தத் தீங்கையும் அவருக்கு எவரும் சொன்னதில்லை. அன்று எல்லாப் பட்டறைகளிலும் வழக்கம் அதுவே. அமெரிக்காவில் 1992ஆம் ஆண்டு சூலை முதல் நாளன்றுதான் இவ்வாயுக்களைத் தெரிந்தே காற்றில் விடுவது சட்டத்தால் தடைசெய்யப்பட்டது.

இரண்டு கோடைகளில் எத்தனை வண்டிகள் என்று அவர் பின்னாளில் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறார். கணக்கு ஒருமுறைபோல் மறுமுறை வந்ததில்லை. இறக்கிய வாயு இன்னும் மேலேதான் இருக்கிறது என்பதை மட்டும் அவர் அறிவார். வளிமண்டலத்தில் அதன் சராசரி வாழ்நாள் ஏறத்தாழ நூறு ஆண்டுகள்.

செகந்திராபாத்தில் ஒரு பணி

வண்டியில் இருந்தது ஆர்-12 எனப்படும் குளோரோபுளோரோகார்பன். அதன் பிறப்பில் தீய நோக்கம் எதுவும் இல்லை. அதற்குமுன் குளிர்பதனப் பெட்டிகளில் அம்மோனியா, கந்தக டைஆக்சைடு, மீத்தைல் குளோரைடு போன்ற நச்சு வாயுக்கள் பயன்பட்டன. அவை கசிந்தால் உயிருக்கு ஆபத்து. தாமஸ் மிட்ஜ்லி என்னும் அமெரிக்க அறிவியலாளரும் உடன்பணியாற்றியோரும் 1920களின் இறுதியில் நச்சும் இல்லாத, எரியவும் செய்யாத இவ்வகைச் சேர்மத்தைக் குளிர்பதனத்திற்குக் கொண்டுவந்தனர். 1930இல் வேதியியலாளர் கூடிய அவையில் மிட்ஜ்லி அவ்வாயுவை மூச்சில் இழுத்து, எரியும் மெழுகுவத்தியின்மேல் ஊதி அதனை அணைத்துக் காட்டினார். பாதுகாப்பிற்கு அதைவிடச் சான்று வேண்டுமோ என்று அவையோர் எண்ணியிருப்பர். 1940ஆம் ஆண்டு வகை பேக்கார்டு கார்களிலேயே தொழிற்சாலையில் பொருத்திய குளிர்சாதனம் கிடைத்தது. அதனை நிறுத்தவேண்டுமாயின் இறங்கிச் சென்று வார்ப்பட்டையைக் கழற்றவேண்டியிருந்தது என்பது வேறு கதை.

எதனோடும் வினைபுரியாத அதன் இயல்பே பின்னர்க் கேடாயிற்று. கீழ்க்காற்றில் சிதையாத அது மெல்ல மேலேறி அடுக்குமண்டலத்தை அடைகிறது. அங்குப் புறஊதாக் கதிர் பட்டு உடைந்து குளோரின் அணுவை விடுவிக்கிறது. ஒரு குளோரின் அணு ஏறத்தாழ ஓர் இலட்சம் ஓசோன் மூலக்கூறுகளை அழிக்கவல்லது. கலிபோர்னியாவில் பணியாற்றிய செர்வுட் ரோலண்டும் மரியோ மொலினாவும் 1974இல் இதனை வெளியிட்டனர். 1985இல் அண்டார்க்டிகாவின்மேல் ஓசோன் படலம் பெரிதும் மெலிந்திருப்பதைப் பிரித்தானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். 1987 செப்டம்பர் 16 அன்று மாண்ட்ரியல் ஒப்பந்தம் உருவானது. வண்டி பிறந்த ஆண்டும் அதுவே.

இவ்வரலாற்றில் தமிழ்நாட்டில் பயின்ற ஒருவருக்கும் இடம் உண்டு. வீரபத்ரன் இராமநாதன் 1965இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்றார். பின்பு செகந்திராபாத்தில் குளிர்பதனப் பெட்டிகள் செய்யும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தார். பெட்டிகளிலிருந்து வாயு ஏன் இவ்வளவு விரைவாகக் கசிகிறது என்று கண்டறிவதே அவருக்குத் தரப்பட்ட வேலை. படித்த இளைஞர் ஒருவருக்குப் பெருமை தரும் பணியாக அதனை அக்காலத்தில் யாரும் கருதியிருக்கமாட்டார்கள். அவரும் அங்கு நெடுநாள் இருக்கவில்லை. பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்தில் பயின்று, அமெரிக்கா சென்று, கோள்களின் வளிமண்டலங்களை ஆராயத் தொடங்கினார்.

ரோலண்டு, மொலினா ஆகியோரின் ஆய்வு வெளியானபோது உலகமே ஓசோனைப் பற்றிப் பேசியது. இராமநாதனோ வேறொரு கேள்வியை எழுப்பினார். செகந்திராபாத்தில் தம் கைவழியே கசிந்த அதே வாயு, புவியிலிருந்து வெளியேறும் வெப்பத்தை என்ன செய்கிறது? 1975இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த அவருடைய கட்டுரை விடையைச் சொன்னது. இவ்வாயுவின் ஒரு மூலக்கூறு, கரியமில வாயுவின் பத்தாயிரம் மூலக்கூறுகளுக்கு இணையாக வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது. கரியமில வாயு ஒன்றே புவி வெப்பத்திற்குக் காரணம் என்று கருதப்பட்டுவந்த காலத்தில் இது எதிர்பாராத செய்தி. ஒரு சிற்றறையைக் குளிர்விக்கும் பொருள், வெளியேறினால் பெருவெளியைச் சூடாக்குகிறது. மாண்ட்ரியல் ஒப்பந்தம் ஓசோனுக்காகச் செய்யப்பட்டது. காலநிலைக்கும் அது பேருதவி செய்தது என்று இன்று கூறப்படுவதன் வேர் இக்கட்டுரையில் உள்ளது.

பீனிக்ஸ் நகர மின்பணியாளர் இக்கட்டுரையைப் படித்தவர் அல்லர். பத்தாயிரம் என்ற எண்ணை மட்டும் எங்கோ கேட்டிருந்தார். அவர் திருப்புளியைப் பெட்டியில் வைத்து மூடினார்.

மறுநாள் வேலையை விட்டுவிட்டு, வாயுவை மீட்கும் பொறியும் உரிமமும் உள்ள பட்டறைக்கு வண்டியை ஓட்டிச் சென்றார். மூன்று மணிநேரம் காத்திருந்தார். மேசையிலிருந்த இளைஞர், இவ்வளவு சிறிய அளவுக்கா வந்தீர்கள் என்று கேட்டார். கேலியாக அன்று, வியப்பாக. எண்ணெயில் கரைந்திருந்ததும் சேர்த்து உருளையில் ஏறிய எடை 90 கிராம். கட்டணம் அவருடைய அரைநாள் கூலி. 90 கிராம் ஆர்-12, புவியைச் சூடாக்குவதில் ஏறத்தாழ ஒரு டன் கரியமில வாயுவுக்கு நிகர். ஏற்கெனவே கசிந்துபோன வாயுவுக்கு எந்தப் பொறியாலும் ஒன்றும் செய்ய இயலாது.

ஒரு வளையம்

இனி அச்சமின்றிக் கழற்றலாம். ஆர்-12 அமெரிக்காவில் 1995ஆம் ஆண்டின் இறுதியோடு புதிதாக உற்பத்தியாவது நின்றுவிட்டது. ஆகவே ஆர்-134ஏ என்னும் மாற்று வாயுவுக்கு வண்டியைப் பழக்கவேண்டும். அதில் குளோரின் இல்லை, ஓசோனுக்குக் கேடில்லை. ஆனால் பழைய வாயுவை இறக்கிப் புதியதை ஏற்றினால் போதும் என்பது தவறு. பழைய கனிம எண்ணெயோடு புதிய வாயு கலக்காது. எண்ணெய் ஓரிடத்தில் தேங்கிவிட, கம்ப்ரசர் வறண்டு தேய்ந்து அழியும். எனவே குழாய்களையும் சுருள்களையும் கழுவி, எஸ்டர் வகை எண்ணெய் ஊற்றவேண்டும். ஈரத்தை உறிஞ்சும் மணிகள் நிறைந்த ட்ரையர் எனும் குப்பியை மாற்றவேண்டும். இணைப்புகளில் உள்ள கரிய ரப்பர் வளையங்களை எடுத்துவிட்டுப் புதிய வாயுவுக்கு ஏற்ற பச்சை வளையங்களை இடவேண்டும்.

குறுகிய துளைக்குழாயை அவர் மிகுந்த கவலையோடு உருவினார். அதன் முகப்பில் நுண்வலை ஒன்று உண்டு. வலையில் உலோகத்துகள் மின்னினால் கம்ப்ரசர் உள்ளே சிதைந்துவிட்டது என்று பொருள். அவ்வாறாயின் கண்டென்சர், குழாய்கள் எதையும் நம்ப முடியாது. வலை சற்றே கறுத்திருந்தது, துகள் இல்லை. தந்தை, குளிர்சாதனம் நின்றதும் ஏதாவது ஒன்றை நிரப்பி ஓட்டிப் பார்க்காமல் அப்படியே விட்டுவைத்தது நன்மையாக முடிந்தது. தந்தையின் சோம்பலைக் குறைகூறிவந்த மகன் அன்று அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

கம்ப்ரசருக்குத் தண்டு அடைப்பானைப் புதிதாக இட்டார். கண்டென்சரை மட்டும் மாற்றவேண்டியிருந்தது. புதிய வாயு பழையதைவிட உயர்ந்த அழுத்தத்தில் இயங்குவது. பழைய பாணிச் சுருள் கண்டென்சர் பாலைவெயிலில் அதன் வெப்பத்தை முழுதும் வெளியேற்றாது. பல மெல்லிய வழிகளில் வாயுவைப் பிரித்து அனுப்பும் புதிய வகையை வாங்கிப் பொருத்தினார். அதற்கென வண்டியில் துளைகள் இல்லை. தாங்கிகளைத் தாமே வெட்டி வளைத்துச் செய்தார். இருக்கைக்கு முன்னுள்ள பெட்டியைத் திறந்தபோது குளிர்ச்சுருளின் முகத்தில் முப்பதாண்டு இலைச்சருகும் புழுதியும் போர்வைபோல் படிந்திருந்தன. வாயு நிறைந்திருந்தாலும் அப்போர்வை காற்றை விட்டிருக்காது.

எல்லாம் பூட்டியபின் வெற்றிடப் பொறியை இணைத்தார். குழாய்களுக்குள் காற்றும் ஈரமும் இருத்தல் கூடாது. ஈரம் வாயுவோடும் எண்ணெயோடும் சேர்ந்து அமிலமாகி உள்ளிருந்தே அரிக்கும். உள்ளழுத்தத்தை வளிமண்டல அழுத்தத்தின் முப்பதில் ஒரு பங்காகக் குறைத்தால் நீர் 26 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகி வெளியேறிவிடும். பீனிக்ஸ் கோடையில் அவ்வெப்பநிலைக்கா குறை! முக்கால் மணிநேரம் பொறி ஓடியது. நிறுத்தி, வால்வுகளை மூடி, மானியின் முள்ளைப் பார்த்தபடி அமர்ந்தார். பத்து நிமிடம் முள் அசையவில்லை. கால்மணி நேரம் ஆனபோது மயிரிழை அளவு ஏறியிருந்தது. அரைமணி நேரத்தில் ஐயம் நீங்கிற்று. எங்கோ காற்று உட்புகுகிறது.

மிகச் சிறிய கசிவுதான். வாயுவை நிரப்பியிருந்தால் அந்தக் கோடைக்குத் தாங்கும். ஒருவேளை அடுத்த கோடைக்கும். கசிவை அடைக்கும் பசைக்குப்பிகள் கடைகளில் விற்கின்றன. அவற்றை ஊற்றினால் கசிவு நிற்கலாம். நிற்காமல் துளைக்குழாயை அடைக்கவும் செய்யலாம். மீட்புப் பொறியையும் பாழாக்கலாம். மாலை ஏழு மணி ஆகியிருந்தது. விரல் முட்டிகள் சிராய்த்து எரிந்தன. ஆயினும் அவர் பூட்டியவற்றை ஒவ்வொன்றாக மீண்டும் அவிழ்த்தார்.

நான்காம் இணைப்பில் காரணம் அகப்பட்டது. பச்சை வளையத்தின் அடியில், பள்ளத்தோடு பள்ளமாக ஒட்டி, பழைய கரிய வளையம் ஒன்று அப்படியே கிடந்தது. அழுக்கும் ரப்பரும் ஒரே நிறம். கழற்றியபோது கண்ணில் படவில்லை. புதியது அதன்மேல் ஏறிச் சாய்வாக அமர்ந்திருந்தது. ஊசியால் நெம்பியபோது கரிய வளையம் மண்கட்டிபோல் உடைந்து வந்தது. விலை சில காசுகளே பெறும் பொருள். பள்ளத்தைத் துடைத்து, எண்ணெய் தடவிய புது வளையத்தை இட்டு, இரண்டு திருகுசாவிகளை எதிரெதிரே பிடித்து முறுக்கினார். அலுமினியக் குழாயை ஒற்றைச் சாவியால் முறுக்கினால் குழாயே திருகிக்கொள்ளும். மறுபடியும் முக்கால் மணிநேரம் பொறி ஓடிற்று. இரவு முழுவதும் மானியைக் கழற்றாமல் விட்டுவைத்தார். காலையில் முள் வைத்த இடத்திலேயே இருந்தது.

அதன்பின் வாயு நிரப்புவது எளிய வேலை. பழைய வாயு ஒன்றரைக் கிலோ கொண்ட இடத்தில் புதியது ஒன்றேகால் கிலோ போதும். கூடுதலாக அடித்தால் கூடுதலாகக் குளிரும் என்பது மூடநம்பிக்கை. அழுத்தம் ஏறி எதிர்ப்பலனே விளையும். தராசின்மேல் உருளையை வைத்து, எடையைப் பார்த்துப் பார்த்து ஏற்றினார். கம்ப்ரசரின் காந்தப்பிடி ‘டக்’ என்று ஒட்டியது. பதினோர் ஆண்டுகளுக்குப்பின் கேட்ட ஒலி. உயரழுத்த முள் 240 அருகிலும் தாழழுத்த முள் 35 அருகிலும் நிலைகொண்டன. காற்றுவாயில் வைத்த வெப்பமானி இறங்கத் தொடங்கியது.

முன்மூடியின் உட்புறத்தில் ஓர் ஒட்டுத்தாள் ஒட்டுவது அந்நாட்டு விதி. எந்த வாயு, எவ்வளவு, எந்த எண்ணெய், யார், எந்த நாள் என்பன அதில் எழுதப்படவேண்டும். அடுத்து அவ்வண்டியைத் திறப்பவர் தெரியாமல் இரண்டு வாயுக்களைக் கலந்துவிடாதிருக்க அவ்வேற்பாடு. பழைய வால்வில் புதிய வாயுவின் குழாய் பொருந்தாதவாறும், புதியதில் பழையது பொருந்தாதவாறும் இணைப்பு முனைகளின் வடிவங்களே வேறுபடுத்தப்பட்டுள்ளன. அவர் அத்தாளைத் தம் தொழிலில் மின்பெட்டிகளின்மேல் எழுதும் அதே சதுரமான எழுத்துகளில் நிரப்பினார்.

புதிய வாயுவும் குறையற்றதன்று. ஓசோனைத் தொடாத ஆர்-134ஏ, எடைக்கு எடை கரியமில வாயுவைப்போல் 1,430 மடங்கு வெப்பம் பிடிப்பது. அவ்வண்டியில் ஏறிய ஒன்றேகால் கிலோ முழுவதும் கசிந்தால் ஏறத்தாழ 1,800 கிலோ கரியமில வாயுவுக்கு ஈடாகும். அதனையும் படிப்படியாகக் குறைப்பதற்கு 2016இல் ருவாண்டா நாட்டின் கிகாலி நகரில் உலக நாடுகள் உடன்பட்டன. இன்றைய புதிய கார்களில் அதனினும் மிகக் குறைந்த தீங்குடைய வேறு வாயு பயன்படுகிறது. அது சிறிதளவு எரியும் தன்மையுடையது. அதற்கென வடிவமைத்த வண்டிகளுக்கே உரியது. ஓசோன் படலமோ மெல்ல மீண்டுவருகிறது. அண்டார்க்டிகாவின்மேல் அது 1980ஆம் ஆண்டின் நிலையை ஏறத்தாழ 2066இல் எட்டும் என்பது அறிஞர்களின் மதிப்பீடு.

ஆகஸ்டு மாதத்தில் அரிசோனாவிலும் ஒரு பருவமழைக்காலம் உண்டு. பிற்பகலில் முகில் திரண்டு, காற்றில் ஈரம் ஏறும். அத்தகைய ஒரு பகலில் அவர் வேலை முடித்துத் திரும்பினார். நெடுஞ்சாலையில் காற்றுவாய் வெப்பமானி 9 டிகிரி காட்டியது. முந்தைய ஆண்டு கண் இருண்ட அதே சந்திப்பில் சிவப்பு விளக்கு விழுந்தது. வண்டி நின்றால் கண்டென்சருக்குக் காற்று குறையும். முள் மெல்ல 12, 14 என்று ஏறி 16இல் நின்றது. அவர் கண்ணாடியை இறக்கவில்லை. பச்சை விழுந்ததும் முள் மீண்டும் இறங்கியது.

வீட்டு வாயிலில் வண்டியை நிறுத்தி இறங்கியபோது அடியில் சொட்டுச் சொட்டாக ஏதோ விழுந்துகொண்டிருந்தது. மண்டியிட்டு விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார். குளிர்ச்சுருளில் படிந்து வடிந்த நீர். எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. சூடான தரையில் அது வட்டமாகப் பரவி, அவர் எழுவதற்குள் விளிம்பிலிருந்து உலரத் தொடங்கியிருந்தது. உள்ளே சென்று நாள்காட்டியை எடுத்து, அடுத்த ஏப்ரலின் முதல் சனிக்கிழமையில், மானியைப் பொருத்திப் பார்க்கவேண்டும் என்று குறித்துவைத்தார்.